மதுரைத் திருமலை நாயக்கர் மகாலும் நமது சங்கத்தார் யாத்திரையும்



சென்ற திங்கள் நிகழ்ந்த நமது சங்கப் பொதுக்கூட்டத்தில், வருகிற தைத்திங்களில் அங்கத்தினர் அனைவரும் குடும்ப சகிதமாகப் புறப்பட்டு ஓர் அரண்மனை கண்டு வருதல் வேண்டுமெனத் தீர்மானம் நிறைவேறியதைத் தாங்கள் அறிவீர்கள். தீர்மானம் ஒரு நாழிகைக்குள் நிறைவேறிவிட்டது. எந்த அரண்மனை என்னும் வினாவோ இராப்போசனம் ஆறும்வரை முடிவு காணவில்லை. இளைஞர் பலர் மைசூரே வேண்டுமென்றனர். பெண்மணிகளிலும் பெரும்பாலோர் அவர் பக்கமே. மதுரை என்று கூறியவர் யாமும், நமது பொக்கிஷதாரும், எழுபது கடந்த பெரியவர் ஒருவருமே. "பண்டிதர் ஐயா! மதுரைக்கு வாரம் இருமுறை நூல் கொள்முதலுக்குப் போய் வருகின்றோம். அங்கே காணாதது என்ன இருக்கின்றது?" என்று ஓர் இளைஞர் வினவினார். வினா நியாயமானதே. அதற்கு அன்று யாம் கூறிய விடை அரைகுறையாயிருந்தது. முழுவிடையை எழுதித் தருமாறு காரியதரிசி பணித்தமையால் இக்கட்டுரையை எழுதலானோம்.

மைசூரை இகழ்வது எமது கருத்தன்று. அவ்வரண்மனை கண்ணைக் கவர்வது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் வயதைச் சிறிது எண்ணுதல் வேண்டும். பழைய மர மாளிகை 1897-ஆம் ஆண்டில் ஒரு திருமண விழாவின்போது தீக்கிரையாக, அவ்விடத்தே ஹென்றி இர்வின் என்னும் ஆங்கிலச் சிற்பி வகுத்த படத்தின்படி எழுந்து 1912-இல் முற்றுப்பெற்றது இன்றைய மைசூர் அரண்மனை. ஏறக்குறைய ஓர் இலட்சம் மின்விளக்குகள் ஒருசேர ஒளிரும் காட்சி பிள்ளைகட்குக் கொண்டாட்டமாயிருக்கும். பிருந்தாவனத் தோட்டமும் கிருஷ்ணராஜசாகர அணையை ஒட்டி அதற்கும் பிற்பட்டு அமைந்ததே. மதுரை மகாலோ 1636-ஆம் ஆண்டைச் சார்ந்தது. வடக்கே ஷாஜகான் தாஜ்மகாலைக் கட்டத் தொடங்கி நான்கு ஆண்டுகளே கழிந்திருந்தன. பிரெஞ்சு தேசத்துப் பதினான்காம் லூயி வெர்சேல்ஸில் தன் பெருமாளிகையையும் பூங்காவையும் எழுப்பத் தொடங்குவதற்கு இன்னும் இருபத்தைந்து ஆண்டுகள் இருந்தன. ஷாஜகான் ஆண்டது 1628 முதல் 1658 வரை. திருமலை நாயக்கர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. கட்டடம் கட்டுவதில் தீராத வேட்கை கொண்ட இரு மன்னர் ஏறக்குறைய ஒரே காலத்தில் வடக்கும் தெற்கும் அரசு புரிந்தனர் என்பதை நம் பிள்ளைகளின் பாடப்புத்தகம் ஒரு பக்கத்தில் சேர்த்துச் சொல்வதில்லை.

நிற்க. மதுரையை யாம் விரும்பியதற்கு முதற்காரணம் மதுரையன்று, நமது திண்டுக்கல்லே.

நம் ஊருக்குப் பெயர் தந்த மலைமீதுள்ள கோட்டையை 1605-ஆம் ஆண்டில் எடுப்பித்தவர் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர். அவர் திருமலை மன்னரின் தந்தையார். தந்தை எடுப்பித்த கோட்டையை மைந்தர் பின்னர்ப் பலப்படுத்தினார். படிகளை இராணி மங்கம்மாள் காலத்தனவாகச் சொல்லுவர். முத்துக்கிருஷ்ணப்பருக்குப்பின் பட்டமெய்திய மூத்த மகனார் முத்துவீரப்பர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றிக்கொண்டார். அவர்க்குப்பின் தம்பியாராகிய திருமலை நாயக்கர் அங்கேயே முடிசூடினார். அக்காலத்தே அவரை நீர்க்கோவை நோய் பற்றி நெடுநாள் வருத்திற்று. மருத்துவர் பலர் முயன்றும் தீரவில்லை. மன்னர் மதுரைக்குப் பயணமாகி வருகையில் வழியில் திண்டுக்கல்லில் தங்கினார் என்றும், உறக்கத்தில் மீனாட்சியம்மையும் சொக்கலிங்கப் பெருமானும் தோன்றி, 'நீ மதுரையிலேயே வாழ்வாயாயின் இந்நோய் நீங்கும்' என்று திருநீறு அளித்தனர் என்றும், விழித்துப் பல் துலக்குகையில் நோய் விட்டகன்றது என்றும் நாயக்கர் வரலாறு கூறும் பழைய ஏடுகள் உரைக்கும்.

இக்கதையை வரலாறு என்று யாம் வற்புறுத்தவில்லை. கனவுக்குச் சாட்சி இல்லை. தலைநகரை மாற்றியதற்கு வேறு அரசியற் காரணங்களும் இருந்திருக்கும். ஆயினும் ஒன்று உறுதி. திருச்சியிலிருந்து மதுரைக்குச் செல்லும் பெருவழி நம் மலையடிவாரமாகவே சென்றது. மைசூர்ப் படை கணவாய் கடந்து மதுரைமேற் செல்லினும் நம் வெளியாகவே சென்றது. கதை கட்டியோர் கனவை வேறோர் ஊரில் வையாது திண்டுக்கல்லில் வைத்தமைக்கு அதுவே காரணமாகலாம். அரண்மனை எழுவதற்கு முன் அரசர் உறங்கிய ஊர் நம்முடையது என்று ஏடு சொல்லும்போது, அவ்வூரார் அவ்வரண்மனையை ஒருமுறையேனும் நின்று நோக்காதிருத்தல் தகுமா?

அன்றியும் மைசூரையும் மதுரையையும் ஒருங்கே நினைப்பார்க்கு வேறொரு செய்தியும் நினைவுக்கு வரும். 1656-ஆம் ஆண்டில் மைசூர் வேந்தர் கண்டீரவ நரசராசரின் படை சத்தியமங்கலத்து வழியாக இறங்கி, எதிர்ப்பட்டாரின் மூக்கை அறுத்து மூட்டை கட்டி அனுப்பிற்று. 'மூக்கறு போர்' என்று அதற்குப் பெயர். மன்னர் அப்போது நோயுற்று மகாலில் கிடந்தார். இராமநாதபுரத்து இரகுநாத சேதுபதி விரைந்து வந்து பகைவரைத் துரத்தினார். ஓடிய படையும் துரத்திய படையும் நமது திண்டுக்கல் வெளியில் மீண்டும் பொருதன என்பர். பின்னர் மதுரைப்படையும் மைசூர்ச் சீமைக்குட் புகுந்து அவ்வாறே மூக்கறுத்துப் பழிதீர்த்தது. இருசாராரும் செய்தது ஒன்றே. பெருமை கொள்ளத்தக்கது அன்று. நூறாண்டுக்குப்பின் 1755-இல் ஹைதர் அலி நம் கோட்டைக்குப் பௌஜ்தாராக வந்ததும், 1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் கும்பினியார் கைக்கு மாறியதும் தாங்கள் அறிந்தவை. ஆகவே மைசூர் செல்ல விரும்பும் இளைஞர்க்கும் யாம் சொல்வது இதுவே: மதுரையை முன்பு கண்டால் மைசூர் பின்பு நன்கு விளங்கும்.

இனி வழியைப்பற்றிச் சிறிது சொல்லுவோம். இருப்புப்பாதை 1875-ஆம் ஆண்டில் நம் ஊர் வழியாகத் திறக்கப்பெற்றது. ஏறக்குறைய நாற்பது கல் தொலைவு. புகைவண்டியில் ஒருமணி அளவே. இவ்வொரு மணியைப் பிள்ளைகள் கைப்பேசியில் கழிக்காதவாறு பெற்றோர் பார்த்துக்கொள்வாராக. அம்பாத்துரை கடந்ததும் வருவது கொடைக்கானல் ரோடு நிலையம். அதனை அடுத்த அம்மையநாயக்கனூர்ப் பக்கத்தே, நாயக்கர் வழியில் எஞ்சி நின்ற பங்காரு திருமலையின் படையைச் சந்தா சாகிபின் தரப்பார் முறியடித்தனர். மதுரை நாயக்கர் ஆட்சி கடைசியாகக் குப்புற விழுந்த இடம் அது. இன்று அங்கே இறங்குவோர் கொடைக்கானலுக்குக் கம்பளி உடுத்திச் செல்வோரே. பின் சோழவந்தான், வெற்றிலைக் கொடிக்கால்கள். அப்பால் சமயநல்லூருக்கு அருகே வைகைக்கரையில் தேனூர். கள்ளழகர் முற்காலத்தில் ஆற்றில் இறங்கியது அத்தேனூரில் என்பதும், மாசியில் நடந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, அழகரையும் மதுரைக்கு வரச்செய்து, சைவ வைணவ விழாக்கள் இரண்டையும் ஒருசேர நடத்தியவர் திருமலை நாயக்கர் என்பதும் வழக்கு. இலட்சக்கணக்கானோர் இன்றும் கூடும் விழாவை அமைத்தவர் கட்டிய வீட்டைக் காணவே செல்கின்றோம்.

மகால் மீனாட்சியம்மன் கோயிலுக்குத் தென்கிழக்கே உளது. இக்காலத்துக் கீழைவாயில் வழியே நுழைந்தால் முதலிற் காண்பது திறந்த பெருமுற்றம். கிழக்கு மேற்காக ஏறக்குறைய 250 அடியும், தென்வடலாக 150 அடியும் உடையது. அதன் நாற்புறமும் பருத்த வெண்தூண்களும், அவற்றை இணைக்கும் பூவிதழ் வளைவுகளும். தூண்கள் 248 என்பர். எண்ணிச் சரிபார்க்கும் வேலையைச் சிறுவர்க்கே விடுகின்றோம். சரியாக எண்ணுவோர்க்கு ஒரு பரிசு உண்டு. தூணின் அடியில் நின்று அண்ணாந்து நோக்குவார்க்குக் கழுத்து நோவது உறுதி.

முற்றத்தின் மேற்கே சொர்க்கவிலாசம். அரியணை இருந்த மண்டபம் அது. நவராத்திரி விழாக்களிலும் செங்கோல் விழாவிலும் மன்னர் அங்கு வீற்றிருந்தார். அதன் நடுமாடத்தைப் பார்க்கும்போது ஒன்றை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். அவ்வளவு பெரிய வட்டக் கூரைக்கு மரஉத்தரமோ இரும்புச் சட்டமோ ஒன்றும் இல்லை. செங்கல்லும் சாந்துமே தம்மில் தாமே சாய்ந்து, ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஒரு செங்கல் விழ முற்பட்டால் அடுத்த செங்கல் அதனை விடாது. வளைவின் சூட்சுமம் அதுவே. மேற்பூச்சு, சிப்பிச் சுண்ணாம்பை அரைத்து முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்து மெழுகியது. கையால் தடவினால் பளிங்கோ என்று மயங்குவோம். (தடவுதல் இப்போது கூடாது, தடவியும் பெயர் கீறியும் மக்கள் செய்த சேதம் காலம் செய்த சேதத்தினும் மிகுதி. நம் குழுவிலிருந்து ஒரு பெயரும் அச்சுவரில் ஏறலாகாது.)

வடபால் உள்ளது நாடகசாலை. மாலைப்பொழுதில் ஆடலும் பாடலும் நிகழ்ந்த இடம். அங்கே தொல்பொருள் துறையார் பழஞ்சிற்பங்களைக் காட்சிக்கு வைத்துள்ளனர். இக்கட்டடத்தை வகுத்தவர் இத்தாலிய தேசத்துச் சிற்பி ஒருவர் என்று வழிகாட்டிகள் தவறாது சொல்லுவார்கள். எமக்கு இதில் உடன்பாடில்லை. அக்காலத்தே மதுரையில் ஏசுசபைப் பாதிரிமார் இருந்தனர் என்பது மெய். ஆயினும் அவர்தம் நாட்டுச் சிற்பி ஒருவர் வந்து கட்டியதற்கு அக்காலத்துச் சான்று காட்டியவர் எவரும் இலர். வளைவு பாமினி, பிஜப்பூர் நாடுகளிலும் விசயநகரத்திலும் முன்னரே பழகியது. யாளியும் சுதைவேலையும் நம் தச்சர் கைவண்ணம். அழகியது ஒன்றைக் கண்டவுடன் அதனைக் கடல்கடந்து வந்தவர்க்கு எழுதிக்கொடுத்துவிடும் பழக்கம் நம்மிடம் நெடுநாளாக உண்டு.

வழிகாட்டிகள் சொல்லும் மற்றொரு கதை உண்டு. மன்னர் பள்ளியறைக் கூரையில் துளையிட்டு இறங்கிய கள்வன் ஒருவன் நகைகளைக் கவர்ந்து சென்றான். அவன் திறமையை வியந்த மன்னர், தாமே வந்து நிற்பானாயின் வழிவழி நிலம் அளிப்பதாகப் பறையறைவித்தார். அவன் வந்தான். நிலத்தை அளித்தார், அளித்தபின் தலையையும் வெட்டுவித்தார். சொன்ன சொல்லும் தவறவில்லை, கள்வனும் தப்பவில்லை என்று இதனைப் பாராட்டுவாரும் உளர். எம் வகுப்பில் இதனைக் கூறியபோது ஒரு சிறுமி எழுந்து, "அப்படியானால் நிலம் யாருக்கு ஐயா?" என்று கேட்டாள். அவ்வினாவைப் பெரியோர் எவரும் கேட்டதாக எமக்கு நினைவில்லை.

இனி, இம்மாளிகையில் தோட்டம் எங்கே என்று தேடுவோர் ஏமாறுவர். இன்று நாம் காண்பது பழைய அரண்மனையில் நாலில் ஒரு பங்கே என்பர். சொர்க்கவிலாசத்தோடு அரங்கவிலாசம் என்னும் மற்றொரு பெரும்பகுதியும், தேவபூசை மண்டபமும், படைக்கலக் கொட்டிலும், தடாகமும், பூந்தோட்டமும், வாத்தியம் முழங்கும் நகரா மண்டபமும் இருந்தன. அவை அழிந்தது பகைவர் கையாலன்று. திருமலை நாயக்கரின் பேரர் சொக்கநாத நாயக்கர் தலைநகரை மீண்டும் திருச்சிக்கு மாற்றியபோது, பாட்டனார் கட்டியதைப் பிரித்து, வேலைப்பாடுள்ளவற்றைத் தம் புதிய அரண்மனைக்குக் கொண்டு சென்றார். 1792-இல் மதுரைக்கு வந்த தானியேல் என்னும் ஆங்கில ஓவியர் இருவர் தீட்டிய படங்களில் மாளிகை பாழாகவே காணப்படுகின்றது. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண கவர்னராயிருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்க முற்பட்டிராவிடின் எஞ்சியதும் மண்ணாகியிருக்கும். பிறகு நெடுங்காலம் ஜில்லா நீதிமன்றம் அங்கே நடந்தது. நம்மில் முதியோர் சிலர் மகாலைக் கண்டது வழக்குக்குப் போனபோதுதான். 1970-இல் நீதிமன்றம் வேறிடம் சென்றது. அதன்பின் மாநிலத் தொல்பொருள் துறையார் காத்து வருகின்றனர். 1981-இல் ஒலி-ஒளிக் காட்சியும் தொடங்கிற்று. அதனை யாம் சிறுவராயிருந்த காலத்தில் தந்தையாரின் தோளிற் சாய்ந்தவாறு கண்டோம். சிலம்பின் கதை வரும்போதே உறங்கிவிட்டமையால் திருமலை மன்னர் வரும் பகுதியை அடுத்த முறையே கண்டோம்.

அழிந்த முக்கால் பங்கு எங்கே போயிற்று? இவ்வினாவில்தான் நமது சங்கத்துக்கும் மகாலுக்கும் உள்ள உண்மைத் தொடர்பு உளது. இது காரணமாகச் சங்கத்தில் ஒரு மனவருத்தமும் நேர்ந்தது. அதனை மறைத்து எழுதுதல் நன்றன்று.

யாத்திரைக்கு ஒரு துணிப்பதாகை எழுதுவதென்றும், அதில் 'திருமலை மன்னர்க்குப் பட்டாடை நெய்தளித்த பெருங்குடியார்' என்று பொறிப்பதென்றும், அக்கருத்தில் யாம் ஒரு வெண்பா இயற்றித் தரவேண்டுமென்றும் செயற்குழுவில் மொழியப்பட்டது. முன்மொழிந்தவர் மதுரை வேண்டுமென்று எம்மோடு சேர்ந்து வாதாடிய அப்பெரியவரே. வெண்பா இயற்றுதல் எமக்கு ஒரு பொழுது வேலை. ஆயினும் யாம் மறுத்துவிட்டோம். நாயக்க மன்னர் காலத்தில் நெசவாளர் பலர் அழைக்கப்பட்டு வந்து மதுரையிலும் திண்டுக்கல்லிலும் குடியேறினர் என்பது வழிவழிச் செய்தி. நம் குடும்பங்களும் அவ்வாறே வந்தன என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். ஆனால் இன்ன மன்னரின் மேனியில் இருந்தது நம் தறியிற் பிறந்த ஆடை என்று கூறக் கல்வெட்டு இல்லை, செப்பேடு இல்லை, ஓலை இல்லை. இல்லாததை வெண்பாவில் வைத்தால் அது யாப்பமைதியால் மெய்யாகிவிடாது. நம் பிள்ளைகள் அதனை மனப்பாடம் செய்வார்கள். பிறகு ஒருநாள் சான்று கேட்கும் ஒருவன்முன் நாணி நிற்பார்கள்.

"பண்டிதர் நம் குலத்தின் பெருமையைக் குறைக்கின்றார்" என்று பெரியவர் கூறியதாகக் கேள்வியுற்றோம். எமது தந்தையார்க்கு நண்பர் அவர். எமக்கு எழுத்தறிவித்த பள்ளிக்குத் தம் கைப்பொருள் ஈந்தவர். அச்சொல் எம்மை மிகவும் வருத்திற்று. அக்கூட்டத்திலேயே நம் சங்கத்து அம்மையார் ஒருவர் கேட்டதையும் ஈண்டுக் குறிப்பிடுதல் வேண்டும். "பட்டு கொடுத்தோமோ இல்லையோ, தறிக்கு வரி கொடுத்தோமா இல்லையா? அதைப் பதாகையில் எழுதலாமே" என்றார் அவர். பலரும் நகைத்தனர். யாம் நகைக்கவில்லை. தறியிறை என்னும் வரி நம் நாட்டுக் கல்வெட்டுக்களில் நன்கு காணப்படுவது. தறி ஒன்றுக்கு இவ்வளவு என்று கொண்டனர். நாயக்கர் காலத்துக் குடிகள் வரியால் வருந்தியதைப் பாதிரிமார் கடிதங்கள் எடுத்துரைக்கின்றன. மகாலின் வெண்தூணில் எந்தக் குடியின் பொருள் எத்தனைச் செங்கல்லாய் இருக்கின்றது என்பதை எவர் பகுத்துக் காணவல்லார்? ஆடை நெய்தளித்தோம் என்பதற்குச் சான்றில்லை. அரசர்க்குப் பொருளளித்த குடிகளில் தறிக்காரரும் ஒருவர் என்பதற்குச் சான்று உண்டு.

இரண்டு வாரம் கழிந்தது. ஒருநாள் மாலை பெரியவர் தாமே எம் இல்லத்திற்கு வந்தார். திண்ணையில் அமர்ந்து நெடுநேரம் மழையைப்பற்றியும் நூல்விலையைப்பற்றியும் பேசினார். பிறகு மடியிலிருந்து ஒரு பழைய காகிதச் சுருளை எடுத்து, "தம்பி, உமக்குச் சான்றுதானே வேண்டும்? இது ஆகுமா பாரும்" என்றார். அவருடைய கொள்ளுப்பாட்டனார் மதுரையில் விற்ற ஒரு வீட்டின் கிரயப்பத்திர நகல் அது. எல்லை கூறுமிடத்தில் ஒருபுறத்துக்கு 'மகால் பழஞ்சுவருக்குக் கிழக்கு' என்று எழுதப்பட்டிருந்தது. யாம் அதனை இருமுறை படித்தோம். பெரியவர் எம் முகத்தையே நோக்கிக்கொண்டிருந்தார். "ஆகும் ஐயா! இதுதான் ஆகும்!" என்றோம்.

அன்பர்காள்! அழிந்த முக்கால் பங்கு எங்கே என்றால், அது இன்றும் அங்கேயே இருக்கின்றது. மதில் வீழ்ந்த இடத்தில் தெருவாயிற்று. தோட்டமிருந்த இடத்தில் வீடாயிற்று. அவ்வீடுகளில் தறி ஒலித்தது. மகாலைச் சுற்றியுள்ள தெருக்கள் நெசவாளர் தெருக்களானது ஊரறிந்த செய்தி. வடக்கே சிறிது நடந்தால் சந்து ஒன்றில் பழைய அரண்மனையின் பெருந்தூண்கள் பத்து வரிசையாக நிற்கின்றன. 'பத்துத்தூண் சந்து' என்றே அதற்குப் பெயர். இருபுறமும் துணிக்கடைகள், தூண்களுக்கிடையே சைக்கிளும் மூட்டையும். நூல் வாங்கப் போகும் நம் இளைஞர் வாரந்தோறும் கடந்து செல்வது அத்தூண்களையே. நகரா முழங்கிய இடம் நவபத்கானாத் தெரு என்னும் பெயரில் நிற்கின்றது. அரசர் விட்டுச்சென்ற இடத்தில் குடிகள் புகுந்து வாழ்ந்தனர். நம் பெரியவரின் கொள்ளுப்பாட்டனார் அவ்வாறு வாழ்ந்தோருள் ஒருவர் என்பதற்குப் பத்திரம் உண்டு.

தோட்டம் காண விரும்பும் பெண்மணிகளையும் யாம் மறக்கவில்லை. வண்டியூர்த் தெப்பக்குளத்தின் நடுவே சோலை சூழ்ந்த மைய மண்டபம் உண்டு. குளம் ஏறக்குறைய ஆயிரம் அடி நீளமும் அதற்குச் சிறிதே குறைந்த அகலமும் உடையது. வைகையிலிருந்து நிலத்தடிக் கால்வாய் வழியாக நீர் புகுமாறு அமைந்தது. மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளமே இக்குளமாயிற்று என்றும், மண் தோண்டுகையிற் கிடைத்தவரே மீனாட்சியம்மன் கோயிலில் எழுந்தருளியுள்ள முக்குறுணிப் பிள்ளையார் என்றும் கூறுவர். இதில் ஓர் இடர்ப்பாடு. மகாலுக்குச் சொல்லப்படும் ஆண்டு 1636. குளத்துக்குச் சொல்லப்படுவது 1645. மண் எடுத்தது பின்னும் கட்டியது முன்னும் ஆவது எவ்வாறு? எமது கருத்து இது: இத்துணைப் பெரிய மாளிகை ஓராண்டில் முடிவதன்று, மண் எடுத்தல் பல்லாண்டு நடந்து, பள்ளத்துக்குப் படிக்கட்டும் மண்டபமும் அமைத்துத் தெப்பம் விட்ட ஆண்டையே குளத்தின் ஆண்டாகக் கொண்டிருத்தல் கூடும். மன்னர் பிறந்த தைப்பூசத்தை ஒட்டியே இன்றும் தெப்பத்திருவிழா நடைபெறுகின்றது.

மற்றொன்று தமுக்கம். வைகையின் வடகரையில் இராணி மங்கம்மாள் வேனிற்காலத்தில் தங்கிய மாளிகை அது. முன்றிலில் யானைப்போர் நடந்ததாகச் சொல்லுவர். 1959-ஆம் ஆண்டு முதல் அம்மாளிகை காந்தி நினைவு நிலையமாக விளங்குகின்றது. காந்தியடிகள் இறுதியாக உடுத்திய, குருதிக்கறை படிந்த ஆடை அங்கே உளது. நெசவாளர் அதன்முன் நிற்கையில் அதன் இழையைத்தான் முதலிற் பார்ப்பர், பார்த்துத்தான் ஆகவேண்டும்.

யாத்திரையின் ஒழுங்கு வருமாறு. தெப்பத் திருநாளன்று நெரிசல் மிகுதியாகையால் அதற்கு அடுத்த ஞாயிறு குறிக்கப்பட்டுள்ளது. முதல்நாள் சனி மாலை, இயன்றவர் நம் ஊர்க் கோட்டையில் ஏறுதல் நன்று. தந்தையார் கட்டியதைப் பார்த்துவிட்டு மைந்தர் கட்டியதைக் காண்பது முறை. ஞாயிறு காலை ஆறு மணிக்குப் புகைவண்டி நிலையத்தில் அனைவரும் கூடுதல் வேண்டும். மகால் ஒன்பது மணிக்குத் திறக்கும். வெயில் முற்றத்தில் ஏறுமுன் உள்ளே சென்றுவிட்டால் முதியோர்க்கு வருத்தமில்லை. முன்னொரு முறை யாம் மாணாக்கரை அழைத்துச் சென்றபோது, பேருந்துக்காரர் ஒருவர் வழியில் இரண்டு மணி நேரம் வீணாக்கியதால், ஐந்து மணிக்குக் கதவடைக்கும் வேளையில் வாயிலில் நின்று வெளித்தூணை மட்டும் கண்டு திரும்பினோம். புகைவண்டியே நன்று என்று யாம் வற்புறுத்துவது அதனால்தான்.

மகாலிலிருந்து பத்துத்தூண், அங்கிருந்து நடந்தே கோயில். கோயிலுக்கு எதிரே திருமலை மன்னர் எடுப்பித்த புதுமண்டபத்தில் அவரும் தேவிமாரும் கைகூப்பி நிற்கும் சிலை உண்டு. நெடுங்காலம் தையற்காரரும் பாத்திரக்காரரும் அம்மண்டபத்தில் கடை பரப்பி, மன்னரின் தோளில் சட்டை தொங்கவிட்டிருந்ததை நம்மிற் பலர் கண்டதுண்டு. கோயில் நடை பன்னிரண்டரைக்குச் சாத்தப்படுமாதலின் முக்குறுணிப் பிள்ளையாரை அதற்குமுன் காணுதல் வேண்டும். கைப்பேசி உள்ளே கொண்டு செல்ல அனுமதியில்லை. காரியதரிசி ஒரு பையில் அனைத்தையும் வாங்கி வெளியே காத்திருக்க இசைந்துள்ளார். பகலுணவுக்குப்பின் தமுக்கம், மாலையில் தெப்பக்குளம். ஒலி-ஒளிக் காட்சி அன்று உண்டா என்பதை முன்னரே விசாரித்து அறிவிப்போம்.

பதாகையில் 'திண்டுக்கல் நெசவாளர் குடும்பத்தார்' என்று மட்டும் எழுதுவதெனச் செயற்குழு ஒருமனதாக முடிவு செய்தது. முன்மொழிந்தவர் பெரியவரே. பத்திரத்திற் கண்ட தெருவிலுள்ள அவ்வீட்டில் இப்போது வேறொரு குடும்பத்தார் வாழ்கின்றனர். பெரியவர் சென்ற வாரம் நேரிற் சென்று அவர்களிடம் கூற, அவர்கள் மகிழ்ந்து, நம்மவர் அனைவர்க்கும் மோர் தருவதாகச் சொல்லி அனுப்பியுள்ளனர். எத்தனை பேர் வருகின்றோம் என்பதை அவர்கட்குத் தெரிவிக்க வேண்டியிருத்தலால், வர விரும்புவோர் தம் பெயரையும் உடன்வரும் பிள்ளைகளின் வயதையும் தைமாதம் முதல்தேதிக்குள் காரியதரிசியிடம் எழுதிக் கொடுப்பாராக.